ஒப்லாண்டிஸ் கடலோர மாளிகை: இடிபாட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இத்தாலியில், வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டி டோரே அன்னுன்ட்ஸியாட்டா என்றொரு ஊர் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, தெருமட்டத்துக்குப் பல மீட்டர் கீழே ஒரு பெரிய பள்ளம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பல் மூடிய ரோமானியக் கடலோர மாளிகை அதற்குள்தான் நிற்கிறது. ஒப்லாண்டிஸ் என்பது இந்த இடத்தின் பழைய பெயர். ஆய்வாளர்கள் இந்த மாளிகையை வில்லா ஏ என்பார்கள். ஊர்ப் பலகைகளில் பொப்பேயாவின் வில்லா. அதே வெடிப்பில் புதைந்த பாம்பெய், ஹெர்குலேனியம் நகரங்கள் இரண்டோடும் சேர்த்து 1997-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பாம்பெய்க்கு வரும் கூட்டத்தில் சிறு பங்குகூட இங்கே வருவதில்லை. வருகிறவர்களிலும் பலர் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, சுவரில் அழகான படங்கள் இருந்தன என்ற நினைப்போடு கிளம்பிவிடுகிறார்கள். அதற்குக் காரணம், பள்ளத்துக்குள் இறங்கியதும் கடல் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதுதான். கடலைப் பார்ப்பதற்காகவே கட்டிய வீடு இது. எந்த அறை எந்தப் பக்கம் திறக்கிறது, எந்தச் சன்னல் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கெல்லாம் விடை கடலின் திசையில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டு கேள்விகளைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறோம். இந்த இடத்திலிருந்து கடல் எந்தப் பக்கம்? இந்த வழியாக நடந்தது வீட்டுக்காரரா, வேலைக்காரரா?

போவதற்கு முன்

நுழைவுச் சீட்டு தனியாகவும் கிடைக்கும்; பாம்பெயோடு சேர்த்த கூட்டுச் சீட்டிலும் இந்த இடம் வரும். பாம்பெயையும் பார்ப்பதாக இருந்தால் கூட்டுச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். 2024 நவம்பர் முதல் பாம்பெய்க்கு ஒரு நாளில் 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, சீட்டில் பார்வையாளர் பெயரையும் அச்சிடுகிறார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, வயதுக்குச் சான்று மட்டும் காட்ட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். அன்று பாம்பெயில் நெரிசல் தாங்காது, ஒப்லாண்டிஸில் அப்போதும் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒப்லாண்டிஸுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. சில ஆண்டுகளாக அது செவ்வாய்க்கிழமை. பாம்பெய் அன்றும் திறந்திருப்பதால் இதுவும் திறந்திருக்கும் என்று நம்பி வந்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. கிளம்பும் வாரத்தில் பாம்பெய் தொல்லியல் பூங்காவின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை சீக்கிரம் மூடுவார்கள். மூடும் நேரத்துக்கு வெகு முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள்.

நேப்பிள்ஸின் கரிபால்டி நிலையத்தில், கீழ்த்தளத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயில் புறப்படுகிறது. சொரெண்டோ போகும் வண்டியில் ஏறினால் அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் டோரே அன்னுன்ட்ஸியாட்டா ஒப்லோன்டி. பெயரில் ஒப்லோன்டி இருக்கிறதா என்று பார்த்து இறங்குங்கள். இதே ஊரில் தேசிய ரயில்வேக்கு வேறு நிலையங்கள் இருக்கின்றன. கூகுளில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டுத் தேடுகிறவர்கள் அங்கே போய் இறங்கிவிட்டு நெடுந்தூரம் நடக்கிறார்கள். சரியான நிலையத்தில் இறங்கினால், கடல் பக்கமாகச் சரியும் தெருவில் ஐந்து நிமிட நடைதான். வண்டிக்குள் கூட்டமாக இருக்கும். பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: காலையில் பாம்பெய், மாலையில் ஒப்லாண்டிஸ் என்று திட்டம் போடாதீர்கள். பாம்பெய் கால்களை ஓயவைத்துவிடும். அதற்குப் பிறகு ஒரு சுவரின் முன்னால் பத்து நிமிடம் நிற்கப் பொறுமை இருக்காது. இந்த மாளிகைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, நாளின் முதல் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். 8 மடங்கு பெருக்கும் சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. சுவரின் மேல்பகுதியில் உள்ள நுணுக்கங்கள் வெறும் கண்ணுக்கு எட்டாது. அறை எண்கள் போட்ட வரைபடத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு நூல்களும் கட்டுரைகளும் அந்த எண்களைத்தான் பயன்படுத்துகின்றன, கீழே வரும் எண்களும் அவையே.

மேலே நின்றபடி திசை பிடித்தல்

சீட்டு வாங்கியதும் கீழே ஓடாதீர்கள். கைப்பிடிச் சுவரோரம் நின்று வெசுவியஸ் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மலை வடக்கே, கடல் தெற்கே. இப்போது கடற்கரை அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, இடையில் கட்டடங்கள் மறைக்கின்றன. 79-இல் கொட்டிய எரிமலைப் பொருளே கரையை முன்னால் தள்ளிவிட்டது. மண்ணில் துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்தபோது, இந்த மாளிகை கடலுக்கு நேர் மேலே செங்குத்தான மேட்டின் விளிம்பில் நின்றது தெரியவந்தது. தெற்கே தெரியும் மண்சுவரையும் வீடுகளையும் மனத்தில் அழித்துவிட்டு, அங்கே மேட்டின் விளிம்பையும் அதன் கீழே நீலப் பரப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பள்ளத்தின் ஓரங்களைக் கவனியுங்கள். வெட்டிய மண் அடுக்கடுக்காகத் தெரியும் இடங்களில், கீழே கைப்பிடியில் அள்ளக்கூடிய லேசான நுரைக்கல் துண்டுகள். மேலே இறுகிப் பாறையாகிவிட்ட நுண்சாம்பல். முதலில் வானத்திலிருந்து நுரைக்கல் பொழிந்து கூரைகளை நொறுக்கியது. பின்னர் சுட்டெரிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம் மலையிலிருந்து புரண்டு வந்து எல்லாவற்றையும் மூடியது. புதைந்த மரங்களின் வேர்கள் மக்கியபோது மண்ணில் அவற்றின் வடிவிலேயே குழிகள் உண்டாயின; தளர்வான நுரைக்கல் அவற்றுக்குள் விழுந்து நிரப்பியது. அந்தக் குழிகள் தோட்டத்தில் நமக்குப் பயன்படும்.

இறங்குவதற்குள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே தெரிவது முழு வீடு அல்ல. 1590-களில் கட்டடக்கலைஞர் தொமேனிக்கோ ஃபொன்டானா சார்னோ ஆற்று நீரைக் கொண்டுவர வெட்டிய கால்வாய் இந்த மாளிகையின் ஊடாகவே போகிறது. மேற்குப் பகுதி நெடுஞ்சாலைக்கும் பழைய ஆயுதத் தொழிற்சாலைக்கும் அடியில் இன்னும் புதைந்து கிடக்கிறது. முறையான அகழாய்வு 1964-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்தது. அதில் வெளிவந்ததே ஏறக்குறைய நூறு அறைகளும் இடங்களும்.

வடக்குத் தோட்டம்

சரிவில் இறங்கியதும் உயரமான தூண்களோடு ஒரு முகப்பு எதிரே நிற்கும். பலர் இதுதான் வாசல், இதுவே முன்பக்கம் என்று எண்ணிவிடுகிறார்கள். நீங்கள் நிற்பது மலைப் பக்கத் தோட்டத்தில். வீட்டின் நெஞ்சு தெற்கே கடலைப் பார்த்திருந்தது. இந்த முகப்பின் அச்சில் நேராகப் பார்த்தால், தோட்டம், தூண் மண்டபம் (அறை 21), அதற்குப் பின்னே முற்றக்கூடம் என்று பார்வை தெற்கு நோக்கி ஓடும். அந்தக் கோட்டிலேயே நடங்கள்.

தோட்டத்தில் இப்போது வளரும் செடிகள் அலங்காரத்துக்காக நட்டவை அல்ல. வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் இங்கே வேர்க்குழிகளைத் தேடி ஆராய்ந்தார். வேர் மக்கிப்போன குழிக்குள் விழுந்திருக்கும் நுரைக்கல்லைச் சுரண்டி எடுத்து, கம்பி வைத்துச் சிமெண்டை ஊற்றி, சில நாள் காயவிட்டு, பின்பு சுற்றியுள்ள மண்ணை நீக்குவார்கள். மரத்தின் வேர் அப்படியே வார்ப்பாக வந்துவிடும். வேரின் வடிவத்தை வைத்து மரத்தின் இனத்தை ஊகிக்கலாம். கிழக்கே நீச்சல்குளத்தோரம் அரளியும் எலுமிச்சையும் பிளேன் மரங்களும் நின்றது இப்படித்தான் தெரியவந்தது.

முற்றக்கூடம்: அறை 5

இங்கே கால் மணி நேரம் நில்லுங்கள். பாதுகாப்புக் கூரை போட்டிருப்பதால் உள்ளே மங்கலாக இருக்கும். கண் பழக இரண்டு நிமிடம் விடுங்கள். நடுவில் மழைநீர்த் தொட்டி, அதற்கு நேர் மேலே ஒருகாலத்தில் கூரை திறந்திருந்தது. சுவர்களில் தூண்கள், படிகள், மூடிய பெரிய கதவுகள், கேடயம்போல வட்டமான உருவப்படங்கள். எல்லாமே வெறும் சாயம்.

ரோமானியச் சுவரோவியங்களை நான்கு பாணிகளாக வகுத்தவர் ஜெர்மானிய அறிஞர் அவுகுஸ்ட் மாவ். இங்கே காண்பது இரண்டாம் பாணி, கி.மு. 1-ஆம் நூற்றாண்டு. சுவரைத் தட்டையாக விடாமல் அதற்கு அப்பால் கட்டடம் இருப்பதாக நம்பவைப்பது இதன் வேலை. மாளிகையின் பழைய பகுதி சுமார் கி.மு. 50-இல் எழுந்தது என்று சொல்ல இந்த ஓவியங்கள் ஒரு முக்கியச் சான்று.

ஒரு சோதனை செய்து பாருங்கள். தீட்டிய தூண் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் நிழல் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி நின்று, அறைக்குள் உண்மையான ஒளி வரும் வாசலையோ சன்னலையோ தேடுங்கள். இரண்டாம் பாணி ஓவியர்கள் அறைக்கு எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வருகிறதோ அதற்கேற்பவே நிழலைத் தீட்டினார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் நிழல் இடம் மாறுவதைக் கவனித்தால், ஓவியர் எந்தப் பக்கத்தைப் பார்த்து வேலை செய்தார் என்பதே தெரிந்துவிடும்.

வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் சாந்தின் மேற்பரப்பையும் உற்றுப் பாருங்கள். நூலைச் சாயத்தில் நனைத்து இழுத்து அடித்த நேர்கோடுகள், கவராயத்தின் ஊசி குத்திய வட்டத்தின் மையம், கூரிய முனையால் கீறிய வழிகாட்டிக் கோடுகள் தெரியக்கூடும். ஈரச் சாந்தில் தீட்டினால்தான் சாயம் சுண்ணாம்போடு சேர்ந்து கெட்டிப்படும் என்பதால், ஒரு நாளில் முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் சாந்து பூசினார்கள். நேற்றைய சாந்தும் இன்றைய சாந்தும் சேரும் தையல் சில இடங்களில் மெல்லிய மேடாகத் தெரியும். நல்ல சுவருக்கு மணல் கலந்த பூச்சு மூன்றும் பளிங்குப்பொடி கலந்த பூச்சு மூன்றும் வேண்டும் என்று ரோமானியக் கட்டடக்கலை ஆசான் வித்ருவியஸ் எழுதினார். சாந்து உடைந்த ஓரங்களில் இந்த அடுக்குகளை எண்ணிப் பார்க்கலாம்.

நிறத்தை மட்டும் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். மஞ்சள் காவி சூடேறினால் சிவக்கும். வெசுவியஸ் வட்டாரத்துச் சுவர்களில் இன்று சிவப்பாகத் தெரியும் சில பரப்புகள் தீட்டும்போது மஞ்சளாக இருந்தவை. விலையுயர்ந்த சிவப்பான சாதிலிங்கமோ வெளிச்சம் பட்டுப் பட்டுக் கறுத்துவிடும்.

கடல் பார்த்த அறைகள்: 14, 15, 23

விருந்தினரை உட்காரவைத்த பெரிய அறைகள் தெற்குப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. அறை 15-இல் கிழக்குச் சுவரைப் பாருங்கள். திறந்த வாயிலுக்கு அப்பால் தோட்டம், அதில் அப்பல்லோவின் முக்காலி, மதில் மேல் மயில், அருகே நாடக முகமூடி. மயிலின் வால் மதிலைத் தாண்டி நம் பக்கமாகத் தொங்குவதைக் கவனியுங்கள். மொத்தச் சுவரையும் நம்பவைப்பது அந்த ஒரு சிறு மீறல்தான்.

அறை 14 சாப்பாட்டு அறை. இங்கே சுவரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். மொசைக்கின் கோலம் அறையின் பாதியில் மாறும். ரோமானியர்கள் சாய்ந்து படுத்தபடி உண்டார்கள். படுக்கைகள் போடும் இடத்துக்கும், பரிமாறுகிறவர்கள் நடமாடும் இடத்துக்கும் எல்லையைத் தரையே சொல்லிவிடுகிறது. சுவரின் ஓவியமும் அதே இடத்தில் மாறுவதைக் கண்டால், படுக்கையில் சாய்ந்தவர் எதைப் பார்த்தார் என்பதை அந்த உயரத்திலிருந்தே கற்பனை செய்யலாம். அனுமதித்த இடத்தில் சற்றே குனிந்து, படுத்திருப்பவரின் கண்மட்டத்தில் பாருங்கள். நின்று பார்க்கும்போது குழம்பித் தெரிந்த தூண்களின் ஆழம் அப்போது சரியாக அமையும். படுக்கை பிரிப்பைத் தரையிலும் சுவரிலும் காண இன்னொரு நல்ல இடம் இரண்டு மாடங்கள் கொண்ட அறை 11.

அறை 23-க்குத்தான் பைனாகுலர். கண்ணாடிக் கிண்ணத்தில் பழங்கள். கிண்ணத்தின் சுவர் வழியாகவே பழம் தெரிகிறது. மெல்லிய துணி போர்த்திய பழக்கூடை. துணிக்கடியில் இருக்கும் பழங்களின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. தண்டு வைத்த தட்டில் ஒரு கேக்கும் உண்டு. கண்ணாடியைத் தீட்ட ஓவியர் கையாண்டது வெள்ளை நிறத்தில் சில மெல்லிய கோடுகளை மட்டுமே. அதை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போங்கள். இந்த மாளிகையில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இந்தக் கிண்ணத்தைத்தான் சொல்வோம்.

வெந்நீர் அறை, அடுக்களை

முற்றக்கூடத்துக்கு அருகே உள்ள அறை 8 முதலில் வெந்நீர்க் குளியலறையாக இருந்தது. கிரேக்கக் கதையில் பொன் ஆப்பிள் காய்க்கும் ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்தில் வீரன் ஹெர்குலிஸ் நிற்கும் ஓவியம் இங்கேதான். தரைக்கடியில் சூடான காற்றை ஓடவிடும் முறையைப் பொதுவாகத் தெரிந்துகொண்டால் எந்த ரோமானியக் குளியலறையையும் அடையாளம் காணலாம். 8 அங்குலச் செங்கற்களை அடுக்கி 2 அடி உயரத்துக்குச் சிறு தூண்கள் எழுப்ப வேண்டும், அவற்றின் மேல் 2 அடி ஓடுகளைப் பரப்பித் தரை போட வேண்டும் என்பது வித்ருவியஸ் சொன்ன அளவு. உலைக்கு நெருங்கிய அறையே அதிகச் சூடு. சுவரிலும் உட்கூடு விட்டுச் சூட்டை மேலே ஏற்றினார்கள். பக்கத்தில் உள்ள அடுக்களையையும் (அறை 7) பார்த்துவிடுங்கள். அடுப்பும் குளியல் உலையும் அருகருகே இருந்தால் நெருப்பும் நீரும் ஒரே இடத்தில் கையாள முடியும் என்பதால் ரோமானிய வீடுகளில் இது வழக்கம்.

வரிக்குதிரைச் சுவர்கள்

இனி இரண்டாவது கேள்வி. அறை 32 தூண்கள் சூழ்ந்த ஒரு சிறு முற்றம். நடுவில் நீரூற்று, ஓரத்தில் வீட்டுத் தெய்வங்களுக்கான மாடம், மேல்மாடியில் சிறிய அறைகள். சுவரில் தூணும் இல்லை, மயிலும் இல்லை. வெள்ளைப் பூச்சின் மேல் சாய்வான கறுப்புக் கோடுகள் மட்டும். ஆய்வாளர்கள் இதை வரிக்குதிரைக் கோடுகள் என்கிறார்கள். அடிமைகளும் வேலைக்காரர்களும் இருந்து உழைத்த பகுதியின் அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்து நடங்கள். முற்றத்திலிருந்து கிழக்கே நீச்சல்குளம் வரை ஒரு நீண்ட நடைவழி போகிறது (46). அதன் சுவரோரம் நெடுகத் திண்ணை கட்டியிருக்கிறார்கள். கட்டளை வரும்வரை ஆட்கள் உட்கார்ந்து காத்திருந்த இடம் என்பதே பொருத்தமான விளக்கம். கோடுகள் எந்த வாசலோடு நிற்கின்றன, எங்கே திடீரென்று வண்ண ஓவியம் தொடங்குகிறது என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். கால் மணி நேரத்தில் வீடு இரண்டாகப் பிரிந்து தெரியும். ஒன்று காட்சிக்கானது, மற்றொன்று அந்தக் காட்சியைத் தூக்கிச் சுமந்தது. சுற்றுலாக் குழுக்கள் இந்தப் பகுதியை ஓட்டமாகக் கடந்துவிடுகின்றன. விருந்து அறைகளில் செலவழித்த நேரத்தில் பாதியையாவது இங்கே கொடுப்பது நியாயம்.

நீச்சல்குளமும் கிழக்குச் சிறகும்

கிழக்குச் சிறகு கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. குளத்தின் அளவு 61 மீட்டருக்கு 17 மீட்டர். இன்றைய ஒலிம்பிக் குளத்தைவிட 11 மீட்டர் நீளம் அதிகம். குளத்தோரம் சிலைகளும் அவற்றின் பின்னே மரங்களும் நின்றன.

குளத்தைப் பார்த்த பெரிய கூடம் (அறை 69) வரை வாருங்கள். இதன் இரு பக்கமும் கூரையில்லாத சிறு தோட்ட அறைகள், 68, 70, இன்னும் தள்ளி 87. அவற்றின் சுவர்களில் மஞ்சளும் சிவப்புமான பின்னணியில் செடிகளையும் நீரூற்றுகளையும் தீட்டியிருக்கிறார்கள். நிஜச் செடிகள் தரையில், தீட்டிய செடிகள் சுவரில். சன்னல்களை ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பதால், ஒரு சன்னலுக்கு நேராக நின்றால் அடுத்த தோட்டம், அதன் சன்னல், அதற்கடுத்த தோட்டம் என்று பார்வை ஊடுருவிப் போகும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க அரை அடி இடமும் வலமும் நகர்ந்து பாருங்கள். நேர்கோடு அமையும் புள்ளியில் சன்னல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும். பழைய பகுதியில் ஓவியத்தால் செய்த மாயத்தை நூறாண்டு கழித்துக் கட்டடத்தைக் கொண்டே செய்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வீட்டில் பார்க்கக் கிடைப்பது அரிது.

எரிமலை வெடித்தபோது இங்கே ஆட்கள் குடியிருக்கவில்லை என்றே தெரிகிறது. எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை, வீட்டுச் சாமான்களும் அதிகமில்லை. தூண்களும் சிலைகளும் இடம் மாற்றி வைத்த நிலையில் கிடைத்தன. கி.பி. 62 வாக்கில் இந்த வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பழுதுபார்க்கும் வேலை முடியாமலே இருந்திருக்க வேண்டும். அதனால் ஒரு மூலையில் தூண் கிடந்தால், விழுந்து கிடக்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

பொப்பேயாவின் வீடுதானா?

நீரோ மன்னனின் இரண்டாம் மனைவி பொப்பேயா சபீனா கி.பி. 65-இல் இறந்தார். இந்த மாளிகை அவருடையது என்பதற்கு ஆதாரம் ஒரு சாடியில் எழுதிய பெயர். பொப்பேயாவின் ஆளான செகுந்துஸ் என்பவருக்கு என்று அதில் இருக்கிறது. சாடி வந்து சேர்ந்த முகவரியை அது காட்டலாம். வீட்டின் பத்திரம் ஆகாது. வழிகாட்டிகள் மகாராணி இங்கே நீராடினாள் என்று கதை சொன்னால் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வீட்டைக் கட்டிக் காக்க மிகப் பெரிய செல்வம் வேண்டும் என்பது மட்டும் உறுதி.

சுவரின் வயதைக் கல்லில் பார்த்தல்

ஓவியம் உதிர்ந்த இடங்களை வீண் என்று கடந்துவிடாதீர்கள். ஒழுங்கற்ற கற்களைச் சாந்தில் பதித்த சுவர் பொதுவாகப் பழையது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் என்ற மென்கல்லின் சிறு துண்டுகளைச் சாய்சதுரமாக, வலைபோல 45 பாகையில் அடுக்கியிருந்தால், கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழக்கத்துக்கு வந்த முறை. செங்கல் வரிசைகள் கூடக்கூடக் காலம் பிந்தும். வலைக்கட்டுச் சுவரின் நடுவே திடீரென்று செங்கல் ஒட்டு வந்தால் அது பழுதுபார்த்த இடமாக இருக்கலாம்.

சாந்தின் ரகசியம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. நேப்பிள்ஸ் வளைகுடாவின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும். கடலுக்குள் கட்டும் வேலைக்குச் சாம்பல் இரண்டு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு என்பது வித்ருவியஸ் தந்த கணக்கு. கடலோர மாளிகைகளின் படகுத்துறைகளும் மீன்தொட்டிகளும் இதனால்தான் சாத்தியமாயின.

படம் எடுப்பது, கவனிக்க வேண்டியவை

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். இருட்டான அறைகளில் போனைத் தூணிலோ சுவரிலோ சாய்க்கத் தோன்றும், கூடாது. இரண்டு கைகளாலும் பிடித்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு எடுங்கள். சுவரைத் தொடவே வேண்டாம். விரலின் எண்ணெயும் உப்பும் பல பேரிடமிருந்து சேரும்போது சாயத்தைப் பெயர்த்துவிடும். தோள்பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய வாசல்களில் திரும்பும்போது பைதான் முதலில் சுவரில் உரசும். நுரைக்கல்லோ மொசைக் துண்டோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம். தரை மேடுபள்ளமாக இருக்கும், தட்டையான அடியுள்ள மூடிய காலணி போட்டு வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்துக்குள் காற்று வராது. திறந்தவுடனே உள்ளே போய்விடுவது உத்தமம்.

இங்கே முடித்த பிறகு

சுமார் 300 மீட்டர் தொலைவில் வில்லா பி என்ற இன்னொரு கட்டடம் இருக்கிறது. பொதுவாக அது பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கடற்கரை விளங்காது. அது மதுவையும் விளைபொருளையும் சேர்த்து அனுப்பிய வணிகக் கிடங்கு. நூற்றுக்கணக்கான இருபிடிச் சாடிகளும், ஒரு டன்னுக்குமேல் மாதுளம்பழமும் அங்கே கிடைத்தன. கடல் பார்த்த ஓர் அறையில் 54 பேரின் எலும்புக்கூடுகள், சிலரிடம் தங்க நகைகளும் காசுகளும். அரிக்கமேட்டிலும் கேரளத்துப் பட்டணத்திலும் அகழாய்வில் வந்த ரோமானியச் சாடிகளில் இந்தக் கம்பானியா வட்டாரத்தில் செய்தவையும் உண்டு. எரிமலை மணலின் கறுப்புத் துகள் களிமண்ணில் கலந்திருப்பதை வைத்து அவற்றை அடையாளம் காண்கிறார்கள். அரிக்கமேட்டுச் சாடி ஓட்டைப் பார்த்தவர்கள், இங்கே அருங்காட்சியகங்களில் முழுச் சாடியைக் காணும்போது உடைந்த ஓரத்தைக் கவனிக்கலாம்.

அதே நாளில் இன்னோர் இடம் பார்க்க வலு இருந்தால், காஸ்டெல்லாம்மரே ஊரின் மேட்டில் உள்ள ஸ்டாபியே மாளிகைகளுக்குப் போங்கள். அரியான்னா வில்லாவும் சான் மார்கோ வில்லாவும் மேட்டின் விளிம்பிலேயே நிற்பதால் கடல் கண்ணுக்கு எதிரே தெரியும்; ஒப்லாண்டிஸில் மனத்தால் வரைந்ததை அங்கே நேரில் காணலாம். பள்ளிப் பொறுப்பில் இருந்த லிபெரோ தோர்சி 1950-இல் தொடங்கிய அகழாய்வால் அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. கண்டெடுத்த பொருள்களை அவர் பெயரிலேயே அமைந்த அருங்காட்சியகத்தில் அருகிலேயே பார்க்கலாம்.

ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே ஸ்பெர்லோங்காவில் திபேரியஸ் மன்னனின் கடலோர மாளிகை. அங்கே குகைதான் விருந்து மண்டபம். முன்னால் மீன்தொட்டி, அதன் நடுவே திட்டு, திட்டில் சாப்பாட்டு மேடை. 1957-இல் கடற்கரைச் சாலை போடும்போது சிற்பங்கள் துண்டுதுண்டாக வெளிவந்தன. அவற்றை ரோமுக்கு எடுத்துப்போக விடாமல் ஊர்மக்கள் மறித்தார்கள். 1963-இல் அங்கேயே அருங்காட்சியகம் எழுந்தது. சிற்பங்களை முதலில் பார்த்துவிட்டுக் குகைக்குப் போனால், எது எங்கே நின்றது என்று பொருத்திப் பார்ப்பது எளிது.

நேப்பிள்ஸுக்கு மேற்கே கடலோரம் உள்ள பாயாவில் நிலைமை நேர்மாறு. அங்கே நிலமே மெல்லத் தாழ்ந்து, மாளிகைகளைக் கடல் விழுங்கிவிட்டது. சில மீட்டர் ஆழத்தில் மொசைக் தரைகளும் சுவர்களும் கிடக்கின்றன. கண்ணாடி அடித்தளப் படகிலோ, அனுமதி பெற்ற வழிகாட்டியோடு முக்குளித்தோதான் பார்க்க முடியும். காற்று வீசிய மறுநாள் மணல் கலங்கி ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கடல் அமைதியாக இருந்த பிறகு, காலை வேளைக்குப் பதிவு செய்யுங்கள்.